எல்லார் தோலிலும் இருக்கும் வைரஸும் அபூர்வமான ஒரு தோல் புற்றுநோயும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைரஸால் புற்றுநோய் வரும் என்று சொன்னதும் முதலில் எழும் கேள்வி, "அப்படின்னா அது ஒட்டிக்குமா?" என்பதுதான். மெர்கெல் செல் புற்றுநோய் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பயத்தைப் பார்க்கிறேன். அந்த வைரஸ் நம்மில் பெரும்பாலானோர் தோலில் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. அதைக் கண்டு யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். வயதானவர் உடம்பில் வலியே இல்லாமல் வேகமாக வளரும் ஒரு சின்னக் கட்டியை "கொழுப்புக்கட்டிதானே" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. கீழே உள்ள பதில்களைப் படித்தாலும், கட்டி இருந்தால் டாக்டரிடம் நேரில் காட்டியே ஆக வேண்டும்.

மெர்கெல் செல் புற்றுநோய் என்றால் என்ன?

மேல்தோலின் அடிப்பகுதியில் மெர்கெல் செல்கள் என்று சில செல்கள் உண்டு. மெல்லிய தொடுதலை நாம் உணர அவை உதவுகின்றன. ஃபிரீட்ரிஷ் மெர்கெல் என்ற ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர் 1875-ல் அவற்றை விவரித்தார். 1972-ல் சிரில் டோக்கர் என்ற மருத்துவர் அதுவரை யாரும் தனியாகப் பிரித்துச் சொல்லாத ஒரு தோல் புற்றைப் பற்றி எழுதினார். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அதில் மெர்கெல் செல்லின் சாயல் தெரிந்ததால் இந்தப் பெயர் வந்தது. உண்மையிலேயே அந்த செல்லிலிருந்துதான் புற்று கிளம்புகிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

மிக அபூர்வமான நோய். அமெரிக்காவில் ஓர் ஆண்டில் லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. மொத்தமாகப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேர். ஆனால் வந்தால் தோல் புற்றுகளிலேயே கொடிய வகைகளில் ஒன்று. சீக்கிரம் நிணநீர் முடிச்சுகளுக்கும், அங்கிருந்து உள்ளுறுப்புகளுக்கும் போய்விடும்.

அந்த வைரஸ் எது? எனக்கும் இருக்குமா?

மெர்கெல் செல் பாலியோமா வைரஸ். உங்களுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். பல நாடுகளில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில், பெரியவர்களில் பாதிக்கு மேல், சில இடங்களில் 80 சதவீதம் பேர் வரைக்கும், இந்த வைரஸை எதிர்த்து உருவான எதிர்ப்புப் புரதம் இருந்தது. குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. காய்ச்சலோ அரிப்போ கொப்புளமோ எதுவும் வராது, அதனால் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஆரோக்கியமானவர்களின் நெற்றியையும் கையையும் பஞ்சால் துடைத்துச் சோதித்தாலே வைரஸ் கிடைக்கிறது. தோலில் வாழும் எண்ணற்ற கிருமிகளில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

எத்தனையோ வைரஸ் இருக்க, இதுதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யுவான் சாங், பேட்ரிக் மூர் என்ற கணவன் மனைவி இருவரும் 1994-ல், எய்ட்ஸ் நோயாளிகளிடம் அதிகம் தெரிந்த கபோசி சார்கோமா என்ற புற்றுக்குக் காரணமான ஹெர்பிஸ் வகை வைரஸைக் கண்டுபிடித்தவர்கள். அதே மாதிரி, மெர்கெல் செல் புற்றும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கே கூடுதலாக வருகிறது என்ற செய்தி அவர்கள் கவனத்தை இழுத்தது. உடம்பின் காவல் தளரும்போது ஒரு புற்று அதிகமாகிறது என்றால், பின்னால் ஒரு கிருமி இருக்கலாம் என்று சந்தேகிப்பது நியாயம்தானே.

ஆனால் என்ன கிருமி என்றே தெரியாமல் எதைத் தேடுவது? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர்களுடைய குழுவில் இருந்த ஹுய்சென் ஃபெங் இதற்கென ஒரு கழித்தல் முறையைப் பயன்படுத்தினார். கட்டியிலிருந்து எடுத்த மரபணுச் செய்தித் துண்டுகள் லட்சக்கணக்கில் வரிசைப்படுத்தப்பட்டன. அவற்றில் மனிதனுடையவை என்று கண்டுகொள்ள முடிந்ததையெல்லாம் கணினியில் கழித்தார்கள். மனித மரபணு வரிசை முழுவதும் அதற்கு முன்பே வெளியாகி இருந்ததால்தான் இது முடிந்தது. கழித்துக் கழித்து மிஞ்சியதில், ஒரு குரங்கு வைரஸின் சாயலோடு ஒரு துண்டு கிடைத்தது. அந்த ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு போய் முழு வைரஸையும் வெளியே எடுத்தார்கள். 10 மெர்கெல் கட்டிகளைச் சோதித்ததில் 8-ல் அது இருந்தது. 2008-ல் சயின்ஸ் இதழில் இந்த முடிவு வெளிவந்தது.

வைரஸ் இருந்தது சரி, அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? எல்லார் தோலிலும் இருக்கும் வைரஸ் கட்டியிலும் தற்செயலாக இருந்திருக்கலாமே?

இந்தக் கேள்வியை அந்த ஆய்வாளர்களும் கேட்டுக்கொண்டார்கள். வைரஸ் அந்தக் கட்டிகளில் சும்மா ஒட்டிக்கொண்டு இருக்கவில்லை. அதன் டி.என்.ஏ. மனித செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே புகுந்து இணைந்திருந்தது. ஒரு நோயாளியின் கட்டியில் எந்த செல்லை எடுத்தாலும் அதே இடத்தில்தான் இணைந்திருந்தது. அக்கட்டியிலிருந்து பரவிய இன்னொரு கட்டியிலும் அதே இடம். அப்படியென்றால் முதல் செல்லில் வைரஸ் புகுந்த பிறகுதான் அந்த செல் பெருகியிருக்கிறது. கட்டி வளர்ந்த பிறகு வந்து ஒட்டியிருந்தால் ஒவ்வொரு செல்லிலும் வேறு வேறு இடத்தில் அல்லவா இருக்கும்?

இன்னொரு சான்றும் உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த மெர்கெல் புற்று செல்களில் வைரஸின் புரதங்களை நிறுத்திப் பார்த்தார்கள். செல்கள் வளர்வதை நிறுத்தி மடிந்தன. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வைரஸை '2ஏ' பிரிவில், அதாவது மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்க மிகுந்த வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது.

எல்லாருக்கும் வைரஸ் இருந்தும் ஏன் எல்லாருக்கும் புற்று வருவதில்லை?

இரண்டு விபத்துகள் ஒரே செல்லில் நடக்க வேண்டும். அதனால்தான்.

வழக்கமாக இந்த வைரஸின் டி.என்.ஏ. ஒரு வளையம் மாதிரி, நம் குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும். முதல் விபத்து, அந்த வளையம் உடைந்து குரோமோசோமுக்குள் செருகிக்கொள்வது. இது வைரஸுக்கே கெடுதல். அதன் பிறகு அது இன்னொருவருக்குப் பரவ முடியாது. இரண்டாவது விபத்து, வைரஸின் பெரிய டி புரதத்தை உண்டாக்கும் மரபணு பாதியில் அறுந்துபோவது. அறுந்த பகுதியில்தான் வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் திறன் இருந்தது. அது போய்விடுகிறது. ஆனால் செல்லின் கட்டுப்பாட்டைக் கெடுக்கும் பகுதி மட்டும் அப்படியே மிஞ்சுகிறது.

எந்தக் கட்டுப்பாட்டை? நம் செல்களில் ஆர்.பி. என்று ஒரு புரதம் உண்டு. தேவையில்லாமல் செல் பிரிவதை அது தடுத்துப் பிடித்து வைக்கிறது. வைரஸின் மிஞ்சிய புரதம் போய் அதைக் கட்டிப்போடுகிறது. தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி பிரேக் இல்லாமல் இறங்குவதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த செல்லுக்கு நேர்வதும் அதுதான். கூடவே வைரஸின் சின்ன டி புரதமும் வளர்ச்சியைத் தூண்டிவிடுகிறது.

இந்த இரண்டு விபத்தும் நடந்தாலும்கூட, பெரும்பாலும் நம் எதிர்ப்புச் சக்தி அந்த செல்லைக் கண்டுபிடித்து அழித்துவிடும். வைரஸின் புரதம் உடம்புக்கு அந்நியப் பொருள், அது எளிதில் கண்ணில் படும். வயதாகிக் காவல் தளரும்போதோ, வேறு காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோதான் அந்த செல் தப்பிப் பிழைக்கிறது.

எல்லா மெர்கெல் கட்டிக்கும் வைரஸ்தான் காரணமா? வெயில்?

இல்லை. ஐரோப்பா, அமெரிக்காவில் சோதித்த கட்டிகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தில் வைரஸ் இருக்கிறது. மீதியில் வைரஸ் இல்லை. பல ஆண்டு வெயிலின் புற ஊதாக் கதிர் உண்டாக்கிய மரபணுச் சேதம்தான் அங்கே குவிந்து கிடக்கிறது. கடும் வெயிலும் வெள்ளைத் தோலும் சேர்ந்த ஆஸ்திரேலியாவில் வைரஸ் இல்லாத வகைதான் அதிகம். இரண்டு வழியாகவும் வந்து சேரும் நோய் ஒன்றுதான், சிகிச்சையும் பெரும்பாலும் ஒன்றுதான்.

நாங்கள் வெயிலில் காட்டு வேலை செய்பவர்கள். எங்களுக்கு அதிகம் வருமா?

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் குனிந்து நிற்பவர்களும், மாங்காய் சீசனில் நாள் முழுக்க தோப்பில் இருப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். நம் தோலின் கறுப்பு நிறமி புற ஊதாக் கதிரிலிருந்து நல்ல பாதுகாப்புத் தருகிறது. இந்த நோய் பெரும்பாலும் வெள்ளையர்களுக்கே வருகிறது. இந்தியாவில் இங்கொருவர் அங்கொருவர் என்று தனித்தனி நோயாளி விவரமாகத்தான் மருத்துவ இதழ்களில் வெளியாகிறது.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அபூர்வம் என்பதாலேயே நம் ஊரில் யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. கறுப்புத் தோலில் சிவப்போ ஊதாவோ பளிச்சென்று தெரியாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. வெயிலுக்குத் தலைப்பாகை, முழுக்கைச் சட்டை போடுவது எப்படியும் நல்லது. அதைவிட முக்கியம், புதிதாக ஒரு கட்டி வந்தால் நிறத்தைப் பார்க்காமல் வளர்ச்சியைப் பார்ப்பது.

பார்க்க எப்படி இருக்கும்?

தோலிலோ தோலுக்குச் சற்றுக் கீழோ உருண்டையாக, கெட்டியாக, வழவழப்பாக ஒரு முடிச்சு. சிவப்பு, கருஞ்சிவப்பு, ஊதா அல்லது தோலின் நிறத்திலேயே இருக்கலாம். முகம், தலை, கழுத்தில் அதிகம்; கை கால்களில் அடுத்தபடி. பிட்டம் போல வெயில் படாத இடத்திலும் வரும். பல நேரம் கண்டுபிடிக்கும்போது கோலிக்குண்டு அளவுக்குமேல் இருக்காது.

அமெரிக்காவில் 195 நோயாளிகளை வைத்து 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு ஐந்து அடையாளங்களைச் சொல்கிறது: தொட்டால் வலி இல்லை, மூன்று மாதத்துக்குள் கண்ணுக்குத் தெரிய வளர்ந்திருக்கிறது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், வயது 50-க்கு மேல், வெயில் படும் இடம். பத்தில் ஒன்பது நோயாளிகளுக்கு இவற்றில் குறைந்தது மூன்று அடையாளங்கள் இருந்தன. அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட கட்டிகளை டாக்டர்களே முதலில் சாதாரணக் கட்டி என்றுதான் நினைத்திருந்தார்கள். அங்கேயே அப்படி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

வலியே இல்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம். வலி இல்லை என்பது இந்த நோயில் நல்ல செய்தி அல்ல. இரண்டு மூன்று வாரத்தில் கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தால் போதும், காட்டுங்கள். மஞ்சள் பத்து போடுவது, மருவுக்குக் கட்டுவது போலக் குதிரை முடியால் கட்டிவிடுவது, சுண்ணாம்பு வைப்பது, சூடு போடுவது எதுவும் வேண்டாம். புண்ணாகிவிட்டால் டாக்டருக்கும் அடையாளம் குழம்பிவிடும்.

தோலில் எதுவும் இல்லை, கவட்டையில் நெறி மட்டும் கட்டியிருக்கிறது. அது இதுவாக இருக்குமா?

நெறி என்பது நிணநீர் முடிச்சு வீங்குவது. அது கட்டுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. காலில் முள் குத்திய புண் இருந்தாலே கட்டும், புண் ஆறியதும் வடிந்துவிடும். புண் எதுவும் இல்லாமல் கட்டி, வாரக்கணக்கில் வடியாமல், கெட்டியாகப் பெரிதாகிக்கொண்டே போனால் சோதிக்க வேண்டும். காசநோய், நிணநீர்ப் புற்று உட்பட பலவற்றைத் தேடுவார்கள். மெர்கெல் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தோலில் மூலக் கட்டியே தெரியாமல் நெறியில் மட்டும் நோய் இருப்பதுண்டு. அவர்கள், தோலிலும் நெறியிலும் சேர்ந்தே நோய் இருப்பவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூலக் கட்டியை அழித்திருக்கலாம் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

கட்டியை எடுத்தாகிவிட்டது. இனி என்ன?

எடுத்த கட்டி எங்கே? நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சின்ன ஊர்களில் கட்டியை மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்து, தையல் போட்டு, எடுத்ததைக் குப்பையில் போட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. "எதுக்கு வீண் செலவு, பார்த்தாலே தெரியுது கொழுப்புக்கட்டி" என்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது சரியாகவே இருக்கலாம். அந்த ஒரு முறை, நோயாளி ஆறு மாதம் கழித்து நெறி கட்டி வந்து நிற்கும்போது, முதல் கட்டி என்னவென்று சொல்ல யாரிடமும் எதுவும் இருக்காது. இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் இது முழுக்கத் தடுக்கக்கூடியது. உடம்பிலிருந்து எடுத்த எந்தக் கட்டியும் பயாப்சிக்குப் போக வேண்டும். எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: "டாக்டர், இதை டெஸ்டுக்கு அனுப்புவீங்களா?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை.

பல இடங்களில் கட்டியை டப்பாவில் போட்டு, லேபில் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரர்களிடமே தருகிறார்கள். அப்போது டப்பாவில் ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்) இருக்கிறதா, கட்டி நன்றாக மூழ்கியிருக்கிறதா, நோயாளியின் பெயர், வயது, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று டப்பாவின் மேலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ போட்டால் திசு கெட்டுவிடும். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் "சின்ன வட்ட நீல செல் கட்டி" என்ற பொருளில் வந்திருந்தால் அது முடிவு அல்ல, பாதி வழி. நுரையீரலின் சிறுசெல் புற்று, நிணநீர்ப் புற்று எல்லாமே நுண்ணோக்கியில் அப்படித்தான் தெரியும். பிரித்துச் சொல்ல ஐ.எச்.சி. டெஸ்ட் வேண்டும், அதாவது செல்லில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்க்கும் சோதனை. சைட்டோகெராட்டின் 20 என்ற புரதம் செல்லுக்குள் புள்ளி மாதிரித் தெரிந்து, நுரையீரல் சிறுசெல் புற்றில் பெரும்பாலும் காணப்படும் டி.டி.எஃப்.-1 என்ற புரதம் இல்லை என்று வந்தால், அநேகமாக மெர்கெல்தான்.

அப்புறம், லேபில் இருக்கும் மெழுகு பிளாக்கையும் (கட்டியின் திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டை) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வேலூரோ பெங்களூரோ சென்னையோ போனால் அங்கே முதலில் கேட்பது அதைத்தான். ரிப்போர்ட் காகிதம் மட்டும் எடுத்துப் போய், பிளாக்குக்காக மறுபடி ஊருக்கு வந்து அலைபவர்கள் ஏராளம்.

வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

ஒட்டாது. அந்தப் புற்று செல்லுக்குள் இருக்கும் வைரஸ் அறுந்துபோன வைரஸ். அதனால் பெருகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. நல்ல நிலையில் இருக்கும் வைரஸோ ஏற்கனவே உங்கள் தோலிலும் இருக்க வாய்ப்பு அதிகம். நோயாளியிடமிருந்து புதிதாக உங்களுக்கு வர எதுவும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, நடந்தும் காட்ட வேண்டும். நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் தனிப் படுக்கை என்று ஒதுக்குவதைப் பார்க்கிறேன். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. எழுபது வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்த பெரியவருக்கு நோயைவிட அதுதான் பெரிய வலி. ஒரே தட்டில் சாப்பிடலாம், தொடலாம், பிள்ளையை மடியில் உட்கார வைக்கலாம். புண் ஆறும்வரை கட்டு மாற்றும்போது கையைக் கழுவிக்கொள்வது எந்தப் புண்ணுக்கும் உள்ள சுத்தம்தான்.

ஆடு, மாடு, கோழியிலிருந்து வந்திருக்குமா?

வராது. பாலியோமா வைரஸ்கள் எலி, பறவை, மாடு என்று பல உயிர்களிடம் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனக்குரிய உயிரோடு நின்றுவிடும். இது மனிதனுக்கே உரிய வைரஸ்.

எங்கள் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதனாலா?

ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நம் மாவட்டங்கள் அதற்குக் கொடுத்த விலை சின்னதல்ல, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆனால் மெர்கெல் செல் புற்றுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

70 வயதைத் தாண்டியவர்கள். மாற்றுச் சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள், அவர்களுக்கு வாய்ப்பு 13 மடங்கு என்று பழைய அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்று உள்ளவர்கள். மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும், மூல எண்ணிக்கையே மிகச் சிறிது என்பதால் இவர்களிலும் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வராது.

அப்படியானால் சிறுநீரக மாற்று மாத்திரையை நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பே தாக்கி அழித்துவிடும். புற்று உறுதியாகிவிட்டால், மருந்தின் அளவைக் குறைப்பதா மாற்றுவதா என்பதைச் சிறுநீரக டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் கலந்து பேசி முடிவெடுப்பார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் சாப்பிடுவதுதான் பாதுகாப்பு.

ரத்தத்தில் வைரஸ் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அது வீண். பாதிக்கும் மேற்பட்டோருக்கு "இருக்கிறது" என்றுதான் வரும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நோய் உறுதியானவர்களுக்கு மட்டும் வேறொரு ரத்தப் பரிசோதனை வெளிநாடுகளில் பயன்படுகிறது. வைரஸின் டி புரதத்தை எதிர்க்கும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று அளந்து, சிகிச்சைக்குப் பின் அது ஏறினால் நோய் திரும்புகிறதோ என்று தேடுவார்கள்.

தடுப்பூசி உண்டா?

இந்த வைரஸுக்கு இல்லை. ஆனால் புற்றுநோய் உண்டாக்கும் வேறு இரண்டு வைரஸ்களுக்கு இருக்கிறது, அவற்றை விட்டுவிடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி கல்லீரல் புற்றுக்கு வழி செய்யும். குழந்தை பிறந்த உடனே அரசு மருத்துவமனையிலேயே அதற்கு ஊசி போடுகிறார்கள். எச்.பி.வி. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம். 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. மெர்கெல் புற்று லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. கருப்பை வாய்ப் புற்றோ நம் பெண்களிடம் மிக அதிகம் காணப்படும் புற்றுகளில் ஒன்று. வைரஸைப் பற்றிய கவலை உங்களை எங்காவது கொண்டுபோக வேண்டும் என்றால், வீட்டுப் பெண் பிள்ளையின் தடுப்பூசிக்குக் கொண்டுபோகட்டும்.

சிகிச்சை என்ன?

முதலில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நெறி கையில் தட்டுப்படாவிட்டாலும், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சை எடுத்துச் சோதிப்பது வழக்கம். வெளியே தெரியாமல் உள்ளே பரவியிருப்பது இந்த நோயில் சாதாரணம். பெட் ஸ்கேனும் எடுக்கலாம். பிறகு கட்டியைச் சுற்றி 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, பெரும்பாலானோருக்கு அந்த இடத்தில் கதிர்வீச்சும் தருவார்கள். இந்தப் புற்று கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும்.

உடம்பில் பல இடங்களுக்குப் பரவியவர்களுக்கு முன்பு கீமோதெரபி மட்டும்தான் இருந்தது. கட்டி வேகமாகச் சுருங்கும், சில மாதத்தில் திரும்பி வந்துவிடும். 2017-ல் அவெலுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இந்த நோய்க்கென்றே அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அதுதான். அடுத்த ஆண்டு பெம்ப்ரோலிசுமாப் வந்தது. இவை புற்று செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. உடம்பின் எதிர்ப்புச் செல்களைப் புற்று அடக்கி வைத்திருக்கும் பிடியை விடுவிக்கின்றன. வைரஸின் அந்நியப் புரதமோ, வெயில் உண்டாக்கிய மாறுபட்ட புரதங்களோ இருப்பதால் விடுபட்ட எதிர்ப்புச் செல்கள் கட்டியை எளிதில் அடையாளம் காண்கின்றன. முதல் சிகிச்சையாகவே இதைக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நன்றாகச் சுருங்கியது, சுருங்கியவர்களில் பலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது; விலையும் மிக அதிகம். ஆகவே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் எது அடங்கும், எது அடங்காது என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து எங்கே போவது?

முதல் படிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோல் பிரிவில் சீட்டு போட்டுக் காட்டினால் பயாப்சிக்கு ஏற்பாடு செய்வார்கள். அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் உள்ளவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் வேலை சுலபம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். நோய் உறுதியான பிறகு ஓசூர்ப் பக்கத்தவர்களுக்குப் பெங்களூர் கித்வாய் நினைவு மருத்துவமனையும், மற்றவர்களுக்கு வேலூர் சி.எம்.சி., காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் உண்டு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பி.பி., சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் அந்தப் பணியாளரிடம், தாத்தா முதுகில் இருக்கும் கட்டியையும் காட்டுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் தங்கள் பிடரியையோ காதுக்குப் பின்னாலோ பார்க்க முடியாது. எண்ணெய் தேய்த்துவிடும் நாளில் வீட்டில் உள்ளவர்கள் தலை, முதுகு, காலின் பின்பக்கம் எல்லாம் ஒருமுறை தடவிப் பார்த்தால் போதும்.

சிகிச்சை முடிந்த பிறகு மறுபடி வருமா?

வரலாம். பத்துப் பேரில் நான்கு பேருக்கு வருகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள். அதனால் முதல் மூன்று ஆண்டு, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோல் முழுவதையும் நெறிகளையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதன் பிறகு ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை. அறுவடை, கல்யாணம், பஸ் செலவு என்று ஏதாவது ஒரு காரணத்தால் இரண்டாவது தவணையே தவறிப் போவதுதான் நம் பக்கம் வழக்கம். அடுத்த தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்து, கூடப் போகப் போவது மகனா மருமகளா என்று அன்றைக்கே பேசி முடிவு செய்துவிடுங்கள். இடையில் தழும்பின் அருகிலோ, அக்குள், கவட்டை, கழுத்திலோ புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.